சாறு நின்ற கோடு

1988 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கெட்டிலை வாங்கினேன். பூந்தமல்லியில் பழைய பங்களா ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு, ஜன்னல்களை வாசலில் போட்டு விற்றுக்கொண்டிருந்த ஆள், வைக்கோலுக்குள்ளிருந்து அதை எடுத்து நீட்டினார்.

"வெள்ளக்காரன் ஊட்டு சாமான் சார். மூடி, மூக்கு எல்லாம் சரியா கீது. படத்தப் பாரு, சீனாக்காரன் மீன் புட்ச்சினு கீறான்."

இங்கிலாந்தில் செய்த பீங்கான். படம் கையால் தீட்டியது. சாய்த்துப் பிடித்தால் தூரிகை ஓடிய தடம் தெரிந்தது. கூரை வளைந்த மண்டபம், குடை பிடித்த ஒருத்தி, தூண்டில்காரன். மண்டபத்தைவிடப் பெரிய பூ ஒன்று தரையிலிருந்து முளைத்திருந்தது. வரைந்தவர் சீனாவின் பக்கமே போயிருக்க மாட்டார்.

பதினாறு வயதிலிருந்து நாளுக்கொரு பக்கம் எழுதிவருகிறேன். அன்று மாலை, நூலகத்தில் படித்திருந்த ஒரு விவரத்தையும் சேர்த்து எழுதினேன்: அந்தக் காலத்து ஆங்கிலப் பீங்கானின் பளபளப்புக்குக் காரணம், மேலே பூசிச் சுடும் காரீயக் கலவை. தெரிந்ததை எழுதிவைத்துவிட்ட திருப்தியோடு நோட்டை மூடினேன்.

அப்போது ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா இறந்தபின் கிடைத்த வேலை எனக்கு. பெயின்ட் பிரிவின் ஸ்டோரில் குமாஸ்தா. பங்குனியில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காகத் தங்கை வந்து சேர்ந்தாள். ஏழு மாதம். சோறு இறங்கவில்லை, புளிப்பாக எது கொடுத்தாலும் இறங்கியது.

அம்மா கோவில்பதாகையில் பிறந்தவள். புளிப்பை எவர்சில்வரில் வைக்கமாட்டாள், பித்தளைக்கு அருகிலேயே கொண்டுபோகமாட்டாள். உலோகத்தைப் புளிப்பு தின்றுவிடும், பீங்கானை ஒன்றும் செய்யாது என்பது அவள் சமையலறையின் சட்டம். இருந்த இரண்டு ஜாடியிலும் ஊறுகாய். எனவே எலுமிச்சம்பழங்களை மொத்தமாகப் பிழிந்து, உப்புப் போட்டு, கெட்டிலில் ஊற்றி வைத்தாள். வேண்டும்போது தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம்.

"மூக்கு வெச்ச ஜாடி," என்றாள். "உன் சீனாக்காரன் இப்பதான்டா ஒரு வேலைக்கு ஆவறான்."

நானும் சிரித்தேன். சாறு தீரத் தீர அம்மா பிழிந்தாள். சித்திரை முழுக்க அது காலியாக நின்ற நாளே இல்லை.

அந்த மாதத்துப் பக்கங்களில் தங்கையைப் பற்றி ஒற்றை வரிகளாக இருக்கின்றன. வயிற்றைப் பிசைகிறதாம். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. முகம் வெளுத்திருக்கிறது.

"வாய்ல இரும்பை நக்கினா மாதிரியே கீதும்மா."

"அது டாக்டரம்மா குட்த்த சத்து மாத்திரைடி. இந்தா, ரெண்டு வாய் ஜூஸ் குடி, சரியா பூடும்."

அவள் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதினேன்.

வைகாசி நடுவில், பெயின்ட் பிரிவின் வாசலில் இருந்த எச்சரிக்கைப் பலகையைப் புதிதாக எழுதி மாட்டினார்கள். அதுவரை தினமும் தாண்டிப்போன பலகைதான். காரீயம் கலந்த பெயின்டைத் தொடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தசோகை, வாயில் உலோகச் சுவை. நான்கும் என் கையெழுத்தில் ஏற்கெனவே வீட்டில் இருந்தன.

பெர்மிஷன் போட்டு வீட்டுக்கு வந்தேன். இருவரும் படுத்திருந்தார்கள். கெட்டிலிலிருந்த சாற்றைக் கொட்டிக் கழுவி, ஜன்னலடியில் உள்ளே பார்த்தேன். பாதி உயரத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே கண்ணாடி மாதிரி மின்னியது. கீழே, சாறு நின்ற இடமெல்லாம், மூச்சுவிட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தது. விரலால் தேய்த்தேன், மங்கல் போகவில்லை.

எழுந்து வந்த அம்மா, "ஏன்டா கொட்ன?" என்றாள்.

"விரிசல் உட்ருக்குது. இனிமே இதுல ஊத்தாதம்மா."

"எங்க, காட்டு."

"உள்ள கீது, தெரியாது."

"அவ்ளோ சாறும் வீணு. உன் சீனாக்காரன் கோச்சிக்கினானா?"

கெட்டிலைப் பரணில் ஏற்றினேன். டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாம். வாங்கியவன் நான், பிழிந்தவள் அம்மா. எங்கே ஆரம்பித்தாலும் இருவர் மேலும் வந்து முடிந்தது. நாளை, நாளை என்று வைகாசி போயிற்று.

ஆனியில் பெண் பிறந்தது. கையில் வாங்கினால் கனமே இல்லை. கழுத்து நின்ற நாள், குப்புற விழுந்த நாள், உட்கார்ந்த நாள் எல்லாவற்றையும் குறித்தேன். அதே மாதம் பிறந்த எதிர்வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துக் குறித்தேன். இரண்டு தேதிகளுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. சில குழந்தைகள் மெதுவாகத்தான் வளரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கெட்டில்தான் காரணமா என்று உறுதியாக இன்றும் எனக்குத் தெரியாது.

1992 கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலை, திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் தங்கை குழந்தையோடு வந்தாள். நான்கு வயது கடந்தும் குழந்தை ஐந்தாறு சொற்களைத் தாண்டவில்லை. புதிதாகப் பார்க்கும் டாக்டர், வயிற்றில் இருந்தபோது நடந்ததையெல்லாம் கேட்டாராம்.

"எனக்கு எங்கண்ணே ஞாபகம் கீது? நீதான் தும்முனாக்கூட எழுதி வெப்பியே. அந்த வருசத்து நோட்ட குடு."

பீரோவைத் திறந்தேன். அந்த நோட்டைக் காணவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குழந்தை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மேலே பரணையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

சித்திரைக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் தரையில் சம்மணமிட்டு, முதல் பக்கத்திலிருந்து, விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். சமையலறையில் அம்மா கரண்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பொங்கல் போயிற்று. பூந்தமல்லி வந்தது. மண்டபம், குடை, தூண்டில்காரன்.

விரல் நின்றது.

"காரீயம்னா இன்னாண்ணே?"