புல்லிக்காக மூன்று நடை

ஏறி உட்காருவதற்கு முன் பைலட்டம்மா வண்டியின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டுவார். "எழுந்திரு, வெயில் ஏறிடுச்சு" என்பார். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நெரிசலான சாலையில் இறங்கப் போகிறவர் போல இரண்டு பக்கமும் பார்ப்பார். எங்கள் பள்ளி மைதானத்தில் அவருக்குப் பின்னால் வருவது அதிகபட்சம் இரண்டு காக்கைகள்தான்.

அது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. அடியில் அகலமான இரும்புப் பெட்டி, அதற்குள் கத்திகள். ஐம்பதைத் தொட்ட இந்த அம்மாள் அதை ஓட்டும் மிடுக்கைப் பார்த்து எப்போதோ ஒரு வகுப்பு வைத்த பெயர் பைலட்டம்மா. பெயர் வைத்த பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், பெயர் போகவில்லை. பள்ளி எழுத்தரான நானே, வருகைப் பதிவேட்டில் அவருடைய சொந்தப் பெயரைத் தேடும்போது ஒரு நொடி தடுமாறுகிறேன்.

கோடு கோணக் கூடாது என்பது அவருடைய மதம். குறுக்கே யாராவது நடந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். தலைமையாசிரியரே சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

வைத்தியம் எல்லாம் காதால். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடுவார். "இது இருமல் சார், பயப்பட வேண்டாம்" என்பார். இல்லையென்றால் விக்கல். போன மாதம் "முனகுது சார், எங்கேயோ வலிக்குது" என்றார். எங்கே என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

வலி எங்கே என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கத்திகளைச் சுற்றும் பெல்ட்டைத் தொய்யாமல் அழுத்திப் பிடிக்க புல்லி என்று ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதன் பேரிங் போய்க்கொண்டிருந்தது. புது புல்லி கிடைப்பதோ பின் தெருவில் ஒரே ஒரு கடையில். கடை அவருடைய நாத்தனாருடையது. நாத்தனாரோடு மூன்று மாதமாகப் பேச்சில்லை.

ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னிலையில் நாத்தனார் வாயை விட்டதுதான் காரணம். "எங்க அண்ணி வளைவுல வண்டியத் திருப்புற திருப்புக்கு எந்தப் புல்லியும் ஆறு மாசம் தாங்காது." பைலட்டம்மாவின் சமையலைக் குறை சொல்லலாம், அவரே கூடச் சேர்ந்து சொல்வார். ஓட்டுவதைச் சொல்லக் கூடாது. "அவங்க யாரு சார் எனக்கு? எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. அவ்வளவுதான்." அதற்கு முன் இருவரும் தினம் மதியம் ஒரு மணி நேரம் போனில் பேசுவார்கள், விஷயமே இல்லாமல். இப்போதும் அந்த நேரத்துக்கு வண்டியில் உட்கார்ந்தபடி போனை எடுத்துப் பார்ப்பார், துடைப்பார், உள்ளே வைத்துவிடுவார். பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் காலை, புல்லி கத்திய கத்தலில் என் மேசை அதிர்ந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம். போய்ப் பார்த்தால், பெல்ட் கழன்று கிடக்கிறது, மைதானம் முடிவெட்டும்போது பாதியில் எழுந்து வந்த தலை மாதிரி இருக்கிறது. பைலட்டம்மா சாவியை உருவினார், பிளக் ஒயரைப் பிடுங்கினார், மூடியைக் கழற்றினார், புல்லியை வெளியே எடுத்தார். ஆட்டினால் பல் போல ஆடியது.

"நான் அங்க போக மாட்டேன் சார். நீங்க போங்க. ஒண்ணும் பேச வேணாம். இதக் காட்டுங்க, குடுப்பாங்க."

நாத்தனார் அந்தப் புல்லியைத் தேவைக்கு மேல் உற்றுப் பார்த்தார். "எங்க அண்ணன் பொண்டாட்டி அனுப்பினாங்களா? மாட்டி எத்தன மாசம் ஆச்சுன்னு நான் கேட்டேன்னு கேளுங்க." பழையதை உள்ளே போட்டுக்கொண்டு புதியதைத் தந்தார். நானும் புத்தியில்லாமல் வந்து கேட்டேன்.

"அஞ்சு மாசம்னு நான் சொன்னதா சொல்லிடாதீங்க" என்றார் பைலட்டம்மா.

புதியதை மாட்டி நட்டை இறுக்கினால், சுற்ற மறுத்தது. நடுவில் வர வேண்டிய புஷ் என்ற சின்ன இரும்புக் குழாய், பழைய புல்லிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கடையில் தங்கிவிட்டது. இருவருக்கும் இது முன்பே தெரியும் என்பதுதான் வேடிக்கை. "புஷ் வேணுமான்னு அவங்க கேக்கணும் இல்ல?" என்றார் இவர். கடைக்குப் போனால், "புஷ் குடுன்னு அவங்க கேக்கணும் இல்ல?" என்றார் அவர். இரண்டு பேர் ரோஷத்துக்கு என் செருப்பு தேய்ந்தது.

மூன்றாவது நடை, புல்லியைப் பெல்ட்டின் மேல் இழுத்து அழுத்தும் ஸ்பிரிங்குக்காக. பழையது நீண்டு தளர்ந்துவிட்டிருந்தது. இந்தத் தடவை நாத்தனார் ஸ்பிரிங்கை என்னிடம் கொடுக்கவில்லை. பெரிய இடுக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு கடையின் ஷட்டரை இழுத்து மூடினார். "இத மாட்ட ரெண்டு ஆள் வேணும். உங்களுது பேனா பிடிக்கிற கை" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று புல்லில் படுத்தார்கள். நடுவில் நான் தூதுவன்.

"புல்லி மாட்டின கம்பிய இன்னும் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார் நாத்தனார்.

"தள்ளித்தான் பிடிச்சிருக்கேன்னு சொல்லுங்க."

"பெல்ட்டு முதுகுதான் புல்லியில படணும்னு சொல்லுங்க."

"இருபது வருஷமா மாட்டுறேன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

புல்லி இருந்த கம்பியைப் பைலட்டம்மா வலக்கையால் அழுத்திப் பிடித்திருக்க, நாத்தனார் ஸ்பிரிங்கின் கொக்கியை இடுக்கியால் இழுத்துக்கொண்டு வந்தார். அது மாட்ட வேண்டிய ஓட்டையை ஒரு விரல் தூரம் தாண்டும்போது இடுக்கி வழுக்கியது.

"அண்ணி, கைய எடுங்க!"

பெட்டிக்குள் தடாலென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். கொக்கி தானாகவே ஓட்டையில் போய் விழுந்திருந்தது, பெல்ட் விறைப்பாக நின்றது.

நாத்தனார் இடுக்கியை வீசிவிட்டு, முழங்காலிலேயே வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அண்ணியின் கிரீஸ் படிந்த வலக்கையைப் பிடுங்காத குறையாக இழுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்தினார். "வலிக்குதா? இது? இந்த விரல்?" விரல்கள் ஐந்தும் பத்திரமாக இருந்தன. "அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு, இவ்வளவு உள்ள விட்டு யாராவது பிடிப்பாங்களா?"

நாத்தனார் வலக்கையைப் பார்த்து முடியும்வரை பைலட்டம்மா காத்திருந்தார். பிறகு, பெட்டியின் பக்கமே போகாத இடக்கையையும் மெல்ல நீட்டினார்.