அக்காவின் இடது கை

ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியும் எக்ஸ்ரேக்காரம்மாவின் மூக்கை விட்டு இருட்டறையின் மருந்து நெடி போகவில்லை. இப்போதெல்லாம் பொத்தானை அமுக்கினால் படம் திரையில் வந்து நிற்கிறது. அவள் காலத்தில் தொட்டியில் முக்கி, அலசி, கிளிப்பில் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். அந்த ஈரப் படங்களுக்காக இன்றும் அவள் ஏங்குகிறாள், வேறென்ன சொல்ல.

குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லையென்றால் இடது கையைப் படம் எடுப்பார்கள். எலும்புக்கு எத்தனை வயது, வளர இன்னும் இடமிருக்கிறதா என்று அதில் தெரியும். துறுதுறுக்கும் பிள்ளைகளின் கையை அசையாமல் வைக்க அவளை விட்டால் ஆளில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ஒருநாள் தலைக்கு மேல் வேலை. ஒரு தாய் இரண்டு மகள்களோடு வந்தாள். பதின்மூன்று வயதுப் பெரியவள் வளரவில்லை என்று கவலை. பதினொரு வயதுச் சின்னவள் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தாள். சீட்டுகளில் பெயரும் வயதும் 'இடது கை, மணிக்கட்டு' என்பதும் மட்டுமே இருந்தன. தாய் வெளியே உட்கார்ந்துவிட, எக்ஸ்ரேக்காரம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உயரமாக நின்ற தங்கையைப் பெரியவளாக்கிவிட்டு, அக்காவைப் பார்த்து, "சின்னக்குட்டி, நீ முதல்ல வா" என்றாள். அந்தப் பெண் பேசாமல் வந்து கையை வைத்தாள். இருவர் படத்திலும் பெயர் மாறிப்போனது.

டாக்டர் அறையிலிருந்து தாய் அழுதுகொண்டே வந்தாள். "பெரியவளுக்கு எலும்பு வயசுக்குத் தக்கபடி முத்திடுச்சாம்மா. இனிமே அதிகம் வளர மாட்டாளாம்" என்று குட்டையான பெண்ணை அணைத்துக்கொண்டாள்.

"இவளா பெரியவ?"

எக்ஸ்ரேக்காரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டாக்டர் அறைக்குள் ஓடி, பெரியவள் பெயரிலிருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். மணிக்கட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். விழுந்தவள் தங்கைதானே!

டாக்டருக்கு மூக்கு நுனியில் கோபம். வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்னாள். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்; குதித்து முடித்து மற்றப் படத்தை எடுத்துப் பார்த்தார்.

"இது பத்து வயசு எலும்பு. மூணு வருஷம் பின்னாடி இருக்கு. இவ வளர இன்னும் நிறைய இடம் இருக்கும்மா. ஏன் தாமதம்னு ரத்தத்துல பாத்துடலாம். அந்தச் சின்னவளுக்கு முதல்ல கட்டு போடுங்க."

தாய் மறுபடி அழுதாள். இது வேறு அழுகை. எக்ஸ்ரேக்காரம்மா பெரியவளின் முன்னால் குனிந்தாள்.

"சின்னக்குட்டின்னு கூப்பிட்டப்பவே, நான்தான் அக்கான்னு சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"முன்னாடியெல்லாம் சொல்லிட்டுத்தான் இருந்தேன், ஆன்ட்டி."