கரகரத்த குரல்

என் வீட்டுக்காரர் போய்ச் சில வருடம் கழித்து, மகளின் கம்ப்யூட்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

மகள் களியக்காவிளை தாண்டி, கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே கம்ப்யூட்டரில் எல்லாம் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தானாம். வீட்டில் கிடந்த பழையதிலும் அதையே போட்டாள். பழைய கோப்புகளை மாற்றும்போது ஒரு ஒலிப்பதிவு அகப்பட்டது. முன்பு மைக் வாங்கிய அன்றைக்கு, அப்பாவைப் பேசச் சொல்லிச் சோதித்தது. போட்டால், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல, நடுநடுவே அறுந்து ஒரு குரல். “ஏட்டி” என்று அவர் என்னைக் கூப்பிடுவது மட்டும் எனக்குப் பிடிபட்டது.

கடைசி நாட்களில் நெஞ்சில் சளி கட்டி அவர் இழுத்த மூச்சும் அப்படித்தான் கரகரத்தது. பதிவு அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தியது. தெரிந்தும், அவர் இன்னும் அந்த இழுப்பிலேயே கிடக்கிறார் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மகள் வேலைக்குப் போனபிறகு தனியாகப் போட்டுக் கேட்பேன். சொல் தெளியட்டும் என்று சத்தத்தைக் கூட்டுவேன். கூட்டக் கூட்ட உடைந்தது.

“யாரு அக்கா, அங்க கெடந்து மொனங்குது?” என்று மதிலுக்கு அப்புறம் அடுத்த வீட்டுக்காரி.

“டிவி” என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கேட்டுவிட்டேன். “மக்கா, அப்பாக்க சத்தம் கெட்டுப் போச்சா? சளி கட்டினது மாதிரியே கேக்குதே.”

அவள் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டாள். அதுவும் கரகரத்தது.

“பாத்தியா, பாடுதவளுக்கும் சளிதான். அப்பாக்கு ஒண்ணும் இல்ல. கொழப்பம் இந்தப் பெட்டிக்கு.”

ஹெட்போனிலும் அதே கரகரப்பு. அப்படியென்றால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை என்றாள். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தாள். அதில் சத்தத்தின் அளவுகள் கம்பம் கம்பமாக நின்றன.

“எம்மா, எல்லாம் உச்சியில ஏறிக் கெடக்கு! நீயா கூட்டின?”

நான் தரையைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே இறக்கினாள். அதிர்வு போனது, அறுபடுவது போகவில்லை.

“போர்டுலயே ஒட்டியிருக்க சவுண்டு சிப்பு இது. அதுக்கு நேரத்துக்குச் சத்தம் போய்ச் சேரல்ல.” ஏதோ கோப்பில் ஒரு வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஒலியை நிறுத்தி, மறுபடி ஓட விட்டு, அப்பாவின் பதிவைப் போட்டாள்.

“ஏட்டி, இஞ்ச வா. இதுல பேசினா கேக்குமாம்.”

சளி இல்லை. இழுப்பு இல்லை. வெற்றிலை அதக்கிய வாய், அவ்வளவுதான். எனக்கு மூச்சு விட முடிந்தது.

பதிவு அதோடு முடியவில்லை. எங்கள் வீடுகளில் புருஷன் கூப்பிட்டால் அடுக்களையிலிருந்து குரல் கொடுக்க மாட்டோம். எழுந்து வந்து கதவோரம் நிற்போம். கரகரப்பு மூடியிருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வளையல் குலுங்கியது. தூரத்தில், பிறகு கிட்டே, இன்னும் கிட்டே வந்து நின்றது.

“யாரும்மா வாறது?” என்றாள் மகள்.

அவர் போனபோது நான் கழற்றிக் கொடுத்த வளையல்கள். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.