வியட்நாம் சார்ட்

தோஹா முழுக்கக் கிரேன்கள் நின்ற காலம். ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு நாட்டின் ஆட்சிமுறையைச் சார்ட்டில் வரைந்துவரச் சொன்னார்கள். எனக்கு வந்தது வியட்நாம். அமெரிக்கா கிடைத்தவளைப் பார்த்து எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். அழுது தீர்த்த பிறகு அப்பா, "நம்ம சைட்லயே வியட்நாம்காரங்க இருக்காங்கம்மா" என்று, வெள்ளிக்கிழமை ஒரு வெல்டரை நஜ்மாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தார்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். மீதியைப் பென்சிலால் சொன்னார். உச்சியில் ஒரே ஒரு கட்டம், கட்சி. அதன் கீழே தேசிய சபை, அதிபர், பிரதமர். தேர்தல் உண்டாம், வேறு கட்சிதான் கிடையாதாம். அடியில் தொழிற்சங்கம் என்று ஒரு கட்டம் போட்டு, அங்கிருந்து கட்சிவரைக்கும் கோடு இழுத்தார். அப்பா உள்ளே போனில் இருந்தபோது, அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் சோறு ஊசிப்போய் வருகிறது, நாளைக்கு நாங்கள் யாரும் வேலைக்குப் பஸ் ஏறமாட்டோம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே கோட்டுக்குச் சிவப்பு மை தீட்டினேன்.

அன்று மாலை அப்பாவின் மேனேஜர் டீ குடிக்க வந்தார். மதுரைக்காரர், கிண்டல் பேர்வழி. நான் சார்ட்டை விரித்து ஒப்பித்தேன்.

"ஒரே கட்சின்னா சங்கம் சும்மா பேருக்குத்தானம்மா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இல்ல அங்கிள். நாளைக்கு அவங்க யாருமே பஸ் ஏறப்போறதில்ல. இத வரஞ்சு குடுத்த வெல்டர் அங்கிளே சொன்னாரு."

"கெட்டிக்காரப் பொண்ணு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அப்பா இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் பஸ்கள் வழக்கம்போல் நிரம்பிப் போயின என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை என் சார்ட்டுக்கு முதல் பரிசு. வெல்டர் அங்கிளை மறுபடி கூட்டிவரச் சொல்லி அப்பாவிடம் குதித்தேன்.

"அவர ஊருக்கு அனுப்பிட்டாங்கம்மா."

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நாங்கள் ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய சாக்லேட் இருக்கும், அம்மா ஒரு வாரம் பாடிக்கொண்டே திரிவாள். லீவு முடிந்து எப்போது வருவார் என்று கேட்டேன். அப்பா ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டும்படி நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியப் பல வருஷம் ஆனது.