அப்பா தகடு வைத்த ஞாயிற்றுக்கிழமை

மூலக்குளத்தில் ஒரு டூல் கடை இருக்கிறது. போன மாதம் அங்கே மூன்று முறை போனேன். இரும்பு கடைகிற என் சின்ன லேத்துக்கு, வெட்டும் டூலைச் சட்டென்று மாட்டிக் கழற்றுகிற குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடையில் போய் வாயைத் திறந்து கேட்பது எனக்கு ஒரு நடையில் முடிகிற காரியம் இல்லை. முதல் நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு, தேவையே இல்லாமல் இரண்டு உப்புத்தாள் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் நாள்தான் விவரம் கேட்டேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். விஷயம் தெரிந்தவள். இரண்டு வகையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றில், கைப்பிடியைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு பிஸ்டன் வந்து, டூலைப் பிடித்திருக்கும் ஹோல்டரை வெளியே தள்ளி இறுக்கும். இன்னொன்றில், ஆப்பு மாதிரி ஒரு துண்டு நகர்ந்து ஹோல்டரை போஸ்டின் உடம்போடு இழுத்துப் பிடிக்கும். தள்ளுவதைவிட இழுத்துப் பிடிப்பது கெட்டி என்று எனக்கே தெரிந்தது.

"டாப் ஸ்லைடுலேர்ந்து சென்டர் எவ்ளோ உயரம்ணே? அத அளக்காம பெரிய சைஸத் தூக்கினு போவாங்க. டூல் கீழ எறங்கலன்னு மறுநாளே தூக்கினு வருவாங்க."

போஸ்ட் உட்காரும் மேல் தட்டிலிருந்து சுழலும் இரும்பின் நடுமையம் வரை அளந்து, ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு மூன்றாம் நாள் போனேன்.

"இன்னாண்ணே, மூணு வாட்டி வந்துட்டீங்க. பொண்ணு பாக்கவே ரெண்டு வாட்டிதான் போவாங்க."

பக்கத்தில் போல்ட் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. பெண் பார்க்க எத்தனை முறை போவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"இப்ப டூலுக்கு அடியில தகடு வெச்சிதான ஓட்றீங்க? ஒரு டூல் செட் பண்ண எவ்ளோ நேரம் புடிக்குது?"

"பத்து நிமிஷம்," என்றேன். "கை பழகிட்டா அஞ்சி."

"அந்த அஞ்சியும் இனிமே இல்லண்ணே. இந்த நட்ட ஒருவாட்டி திருப்பி உயரம் வெச்சிட்டா, எத்தினி வாட்டி கழட்டி மாட்டினாலும் அங்கயேதான் வந்து நிக்கும்."

நான் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவள் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினாள். ஆப்பு வகையையே எடுத்தேன், நான்கு ஹோல்டரோடு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தப் பத்து நிமிடம் என்னை விடவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தகடு வைத்துக் கடைகிறவன் நான். அது பத்து நிமிட வேலை என்பது எனக்குத் தெரியாததல்ல. எட்டு வயதில் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மறந்ததல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

அப்பாவின் பட்டறை வில்லியனூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம் இருந்தது. பழைய டூல் போஸ்ட் என்பது வெறும் இரும்புக் கட்டை. அதில் டூலை வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். டூலின் முனை, சுழல்கிற இரும்பின் நடுமையத்துக்கு நேராக நிற்க வேண்டும். தாழ்ந்தால் நடுவில் வெட்டுப்படாத ஒரு மொட்டு மிஞ்சும், உயர்ந்தால் வெட்டாமல் தேய்க்கும். அதனால் டூலுக்கு அடியில் தகடு வைத்து உயர்த்துவார்கள். தகர டப்பாத் துண்டு, உடைந்த ரம்பப் பிளேடு, பித்தளைச் சீவல், எது கிடைத்தாலும் தகடுதான். அப்பா ஒவ்வொரு டூலையும் அதற்கு உரிய தகடுகளோடு சேர்த்து, சைக்கிள் டியூப் வளையத்தால் கட்டி வைத்திருந்தார். அப்படிப் பதினோரு கட்டுகள்.

அப்போது அம்மா பாகூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பாவுக்குச் சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு வராது. "இந்த வூட்ல மிஷினு சத்தம்தான் கேக்குது, மனுஷன் சத்தம் கேக்கல" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். பிறகு ஒருநாள் துணிப்பையோடு போய்விட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சோறு மூடி வைத்திருந்தது.

அந்த வாரம் மாமா சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள வந்து கூட்டினு போ மாப்ள. பெரியவங்க நாலு பேர குந்த வெச்சிருக்கேன். வந்து ஒரு வார்த்த சொல்லு, போதும். வரலன்னா எங்க பொண்ணு எங்க வூட்லயே இருக்கட்டும்."

அப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

ஞாயிறு காலை அவருக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒரு விவசாயியின் ஆயில் எஞ்சின் ஷாஃப்ட். நடவு வயல் தண்ணீர் இல்லாமல் காய்கிறது என்று அந்த ஆள் தவித்துக்கொண்டிருந்தார். அதை முடித்துக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் பாகூர் போவதாக ஏற்பாடு. அப்பா டீ குடிக்கப் போனார். எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. பட்டறை குப்பையாகக் கிடக்கிறது என்று அம்மா எப்போதும் சொல்வாள். அவள் வரும்போது சுத்தமாக இருந்தால் திரும்பப் போகமாட்டாள் அல்லவா. பதினோரு கட்டுகளையும் அவிழ்த்தேன். டியூப் வளையங்களை ஓர் ஆணியில் மாட்டினேன். டூல்களைத் துடைத்து வரிசையாக அடுக்கினேன். தகரத்தை ஒரு டப்பாவிலும், பிளேடுத் துண்டுகளை ஒரு டப்பாவிலும், பித்தளையை ஒரு டப்பாவிலும் பிரித்துப் போட்டேன். அவ்வளவு அழகாக அந்தப் பட்டறை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அப்பா வந்து பார்த்தார். மூன்று டப்பாக்களையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மா வர்துல்லப்பா," என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சரி, குந்து. ஒவ்வொண்ணா வெக்கலாம்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஒரு தகட்டை எடுத்துக் கொடுப்பேன். அவர் டூலுக்கு அடியில் சொருகி, இறுக்கி, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "இது இல்லடா, இன்னும் மெல்லிசு." மறுபடி கழற்றுவார். "தோ, அந்த வளஞ்சது குடு." மூன்று டூல் ஆனதும் ஷாஃப்டைக் கடைந்தார். பன்னிரண்டு மணி இருக்கும், விவசாயி வந்து வாங்கிக்கொண்டார். "நல்லாருப்ப" என்று சொல்லி, அதைக் குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு போனார்.

"போலாமாப்பா?"

"இன்னும் எட்டு இருக்குதே. எல்லாத்தயும் வெச்சிட்டுப் போலாம்."

மத்தியான பஸ் போனது. எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் திரும்பும். அப்பா தலையைத் தூக்கவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. ஆணியில் அவருடைய வெள்ளைச் சட்டை தேய்த்து மாட்டியிருந்தது. மரை வெட்டுகிற டூலுக்கு மட்டும் ஏழு முறை தகடு மாற்றினார். நான் வேர்த்துப்போய் டப்பாக்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். எல்லாம் என்னால்தான், என்னால்தான் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. இதையும் சொல்ல வேண்டும். கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அப்பா என்னோடு அவ்வளவு பேசியதே இல்லை. "இது", "அது", "இன்னும் கொஞ்சம்" என்றுதான் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசிக் கட்டு முடிந்தபோது சுவரில் இருந்த வெயில் போய்விட்டது. நான் அழ ஆரம்பித்தேன்.

"நான்தாம்பா கலச்சிட்டேன்."

"வுட்றா. கலஞ்சிடுச்சி, இன்னா பண்றது," என்றார். உன்னால் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாமா வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"இன்னா மாப்ள, நாலு பேர் முன்னால என்ன அசிங்கப்படுத்திட்ட இல்ல?"

அப்பா லேத்தை நிறுத்தாமலே சொன்னார். "பையன் டூலயெல்லாம் கலச்சிப் போட்டுட்டான் மச்சான். வேல முடியல."

மாமா என் பக்கம் திரும்பினார். "பைய மடியில வெச்சினு பொழுதுக்கும் வாசல்லயே குந்தினு இருந்துச்சிடா ஒங்கம்மா." பிறகு பெடலை மிதித்துப் போய்விட்டார்.

அம்மா திரும்பி வரவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் மட்டும் தனியாக பஸ் ஏறி பாகூர் போவேன். மீன் குழம்பு வைத்துப் போடுவாள். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறையில் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அப்பாவைத் தனியாள் ஆக்கியவன் நான், அதனால் அவரை விட்டுப் போகக்கூடாது என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். இருபது வருடம் ஒரே கூரையின் கீழ், ஒரே லேத்தில் மாறி மாறி வேலை செய்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா இருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த பயங்கள் நாய், இருட்டு, கணக்கு வாத்தியார். ஒரு கூடத்தில் நாலு பேர் பாயில் உட்கார்ந்து "சொல்லுபா" என்று முகத்தைப் பார்ப்பதும் பயம்தான், கடைசல் பட்டறை வைத்திருக்கிற ஓர் ஆளுக்கும் அந்தப் பயம் வரும் என்பது அப்போது தெரியாது. மீதி எட்டு டூலுக்கு, ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கு அவர் பகல் முழுக்க ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சீக்கிரம் முடியட்டும் என்று, தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.