வளைந்து போன வரப்பு

ஏகாம்பரம் இறந்துவிட்டார் என்று மதுராந்தகத்திலிருந்து போன் வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த மெமோவை வாபஸ் வாங்காமலேயே அவரை அனுப்பிவிட்டோம்.

மண் பாதுகாப்பு அலுவலகத்தில் அவர் களப்பணியாளர், நான் தட்டச்சர். தொண்ணூறுகளில் அவருடைய சொந்த ஊரின் குன்றுச் சரிவிலேயே மண்வரப்பு போடும் வேலை வந்தது. மழை பெய்தால் அங்கே மேல்மண் முழுக்க ஏரிக்குப் போய்விடும். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை இரண்டு கம்புகளில் கட்டி, மட்டம் ஒன்றாக இருக்கும் இடங்களில் சுண்ணாம்பு தூவிக்கொண்டே போனார். கோடு குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து போனது.

எங்கள் அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் ரோட்டில் ஜீப்பை நிறுத்திப் பார்த்தால் வரப்பு நேராகத் தெரிய வேண்டுமாம்!

"நேரா போட்டா தண்ணி பள்ளத்துல சேர்ந்து ஒடைச்சிகினு பூடும் சார். ஆபீசர் வர்றாருன்னு தண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

மேல்சரிவில் அவர் கோட்டின்படி வரப்பு முடிந்திருந்தது. கீழ்ச்சரிவில் கயிறு பிடித்து நேராகப் போட வைத்தார்கள். ஐப்பசி மழையில் கீழ் வரப்பு உடைந்து, அதற்குக் கீழே அந்த ஊர் செல்லம்மாள் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஓடையாகிவிட்டது. 'மட்டம் தவறாக எடுத்த' குற்றத்துக்கு மெமோ யாருக்கு? ஏகாம்பரத்துக்கு! அதை டைப் அடித்தவன் நான். பொய் என்று தெரிந்தேதான் அடித்தேன்.

பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றார். எப்போது பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "மெமோ இன்னாச்சி? ப்ரமோஷன் வாணாம்பா. மட்டம் தப்புன்னு எழுதினத மட்டும் அடிச்சிடச் சொல்லு."

"பார்க்கலாம் அண்ணாத்த" என்பேன். எதையும் பார்க்கவில்லை.

சாவு வீட்டுக்கு அதே அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். 'நேர்மையான ஊழியர்' என்று கண் கலங்கினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நேர்மையை எழுத்தில் கொடுக்க அவருக்கு ஒரு தாள் கிடைக்கவில்லையா?

அந்த ஊர்ச் சுடுகாடு அதே குன்றுச் சரிவின் மறுகோடியில் இருக்கிறது. பாடையைத் தூக்கியபோது, "கீழ்ப்பக்கமா நேரா போனா சீக்கிரம் போயிடலாமே" என்றார் அதிகாரி.

தெருமுனையில் நின்ற செல்லம்மாள் வெடித்துவிட்டார்: "நீ நேரா இட்டுகினு போனதெல்லாம் போதும் சார். எப்பா, அவுரு போட்ட வரப்பு மேலயே தூக்கினு போங்கப்பா!"

அப்படியே போனோம். வளைவுக்கு வளைவு தோள் மாற்றினோம். வரப்பின் மேல்பக்கத்தில் முந்தின நாள் மழைத்தண்ணீர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மட்டமாக நின்றது. அதிகாரி செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார்.

அண்ணாத்த, நீங்கள் எடுத்த மட்டம் சரி. தப்பு என்று அடித்த அதே கைதான் இதையும் எழுதுகிறது. போய் வாருங்கள்.