கிணற்றுக் கல்லின் குறிகள்

உள்ளங்கையில் அள்ளிய கிணற்றுத் தண்ணீரை விழுங்காமல் நாக்கில் நிறுத்தியபடி அம்மா நிற்பார். வாளியருகே குந்தியிருக்கும் நானும் தங்கையும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் குறுகிய ஒழுங்கையில் மற்றக் கிணறுகளிலெல்லாம் உப்புக் கரிக்கும் 'சவர்'த் தண்ணீர். எங்கள் கிணறு ஒன்றே நன்னீர் தந்ததால், குடங்களோடு வரும் அயலவரின் பேச்சொலியில்தான் எங்கள் காலைகள் தொடங்கின.

அதன் உட்சுவரில், ஒரு கருங்கல்லில், பிறையும் பாம்பும் கீழ்நோக்கிய அம்பும் செதுக்கப்பட்டிருந்தன. யார் செதுக்கினார்கள் என்று எவருக்கும் தெரியாது. யுத்த காலத்தில் வேலைக்குப் போன சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, வீடு திரும்பாமற் போகும்வரை அப்பா அவற்றைப் பொருட்படுத்தியதும் இல்லை. தம்பியைத் தேடி எத்தனையோ அலுவலகங்களின் கதிரைகளில் காத்திருந்து களைத்தவர், கிணறு வற்றிக் கிடந்த ஒரு கச்சான் காற்றுக் காலத்தில், அந்தக் குறிகளைக் குசினிச் சுவரில் கரியால் வரைந்துவைத்துச் சோறு ஆற ஆறப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பு காட்டும் இடத்தில் புதையல் உண்டென்று முடிவுசெய்து, மாலைதோறும் 'அலவாங்கு' என்னும் கடப்பாரையோடு இறங்கிக் கிணற்றின் அடியைத் தோண்டலானார்.

பக்கத்து வீட்டுப் பூரணம் மாமி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தங்கம் வந்தா எனக்கும் ஒரு சோடிக் காப்பு, அண்ணை! ஆனா கடல் கிட்டக் கிடக்கு. ஆழமாக்கினா உப்பு ஏறும். தண்ணியைக் கெடுத்துப்போடாதேங்கோ."

"இன்னும் கொஞ்சந்தான், தங்கச்சி," என்றது அடியிலிருந்து அப்பாவின் குரல்.

மாமி அம்மாவிடம் திரும்பினார். "ஏன் மச்சாள், மறிக்க ஏலாதோ?"

"தம்பியைப் பற்றிக் கேட்ட இடமெல்லாம் மறுமொழி இல்லை. இந்தக் கல்லுக்காவது ஒரு மறுமொழி இருக்கும் எண்டு நினைக்கிறார். எப்பிடி மறிக்கிறது?"

ஒரு காலை, தோண்டிய அடியில் புதிதாய் ஊறிய தண்ணீரை அம்மா துப்பினார். மீண்டும் அள்ளினார், மீண்டும் துப்பினார். மாரி வந்து போயும் சவர் போகவில்லை. அயலவர் குடங்களோடு வெகுதூரம் நடந்தார்கள். ஒருவரும் அப்பாவை ஏசவில்லை. அதன்பின் அவர் கிணற்றில் இறங்கவேயில்லை.

இன்று ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. அப்பாவும் மாமியும் இல்லை. காலைப் பேச்சொலியும் இல்லை. முன்பின் தெரியாத இளைஞர்கள் புதையல் கதையைக் கேள்விப்பட்டு வந்து கைபேசியில் கல்லைப் படமெடுத்து, தோண்டிப் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். இவர்களுக்கும் வேறெதற்கோ மறுமொழி கிடைக்கவில்லையோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். பழஞ்சுவர் சரிந்து எவரேனும் அகப்பட்டுவிடுவார் என்ற பயத்தில், குறிகளைப் பூசி மறைத்துவிடத் துணிந்து, சென்ற கிழமை சீமெந்து குழைத்தேன்.

குசினி வாசலில் அம்மா நின்றார்.

"பொறு பிள்ளை. சித்தப்பாவைப் பற்றி ஒரு மறுமொழி வரட்டும். பிறகு பூசுவம்."

தாச்சியில் சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது.